ஊற்றி ஊற்றி ஓட்டாதே, ஊற்றுக்கண்ணைத் தேடு!

தம்பி, உன்னிடம் ஒரு கேள்வி.

காலையில் எழுந்து வாசலுக்கு வருகிறாய். அப்பா காலத்து ஜீப்பு நிற்கிறது. அதன் அடியில், கூட்டிப் பெருக்கிய தரையில், கறுப்பாக ஓர் எண்ணெய்த் திட்டு. நேற்று உள்ளங்கை அளவு இருந்தது, இன்று சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவிவிட்டது. நீ என்ன செய்வாய்?

பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். "பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்" என்று ஒரு கை மணலை அள்ளிப் போட்டு மூடிவிட்டு, அரை லிட்டர் ஆயிலை ஊற்றிக்கொண்டு கிளம்புவார்கள். இல்லையென்றால், "இன்ஜின் போச்சு, கையைக் கடிக்கப் போகுது" என்று அலறி, வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிட ஆள் தேடுவார்கள்.

முதலாவது அலட்சியம். இரண்டாவது பதற்றம். இரண்டும் எதிரெதிர் முகமாகத் தெரிந்தாலும் ஒரே வயிற்றில் பிறந்தவை. அவற்றின் தாய், பயம். குனிந்து பார்த்தால் என்ன தெரியுமோ என்ற பயம்!

நான் உனக்கு மூன்றாவது வழியைச் சொல்ல வந்திருக்கிறேன். குனிந்து பார். கையில் வேஸ்ட் துணியை எடு. எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடி. கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று நூறு முறை சொன்னாலும் வராத தன்னம்பிக்கை, ஒரு பழுதின் மூலத்தை உன் சொந்தக் கண்ணால் காணும் அந்த நொடியில் உனக்குள் வந்து உட்காரும். அதன் பிறகு அதை எவனாலும் பிடுங்க முடியாது.

குறையைக் களைந்து களைந்து பிறந்த வண்டி

புதுச்சேரியின் பாகூரிலும் வில்லியனூரிலும் வயல் வரப்புகளை ஒட்டிய மண் பாதைகளில் ஓடித் தேய்ந்த பழைய மஹிந்திரா ஜீப்புகளை நீ பார்த்திருப்பாய். எம்.எம். 540, கமாண்டர், மேஜர் என்று பெயர்கள் மாறும். வேலை ஒன்றுதான். விதை நெல் மூட்டை, உர மூட்டை, பழுதான மோட்டார் பம்பு, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகிற பக்கத்து வீட்டுப் பாட்டி என்று எல்லோரையும் எல்லாவற்றையும் சுமந்த வண்டி அது.

அந்த வண்டியின் பூர்வீகம் உனக்குத் தெரியுமா? இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் 1940-41ஆம் ஆண்டுகளில் உருவானது ஜீப்பு. அதன் இன்ஜினைச் செதுக்கியவர் வில்லிஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸ். அவர் கைக்கு வந்தபோது அந்த இன்ஜின் 48 குதிரைத் திறன்தான் கொடுத்தது. முழு வேகத்தில் ஓட்டினால் நெடுநேரம் தாங்காது. "இது உருப்படாத இன்ஜின்" என்று அவர் தூக்கி எறியவில்லை. "பரவாயில்லை, இதுவே போதும்" என்று சமாதானமும் ஆகவில்லை. எது முதலில் தோற்கிறது என்று பார்த்தார், அதைச் சரிசெய்தார். அடுத்து எது தோற்கிறது என்று பார்த்தார், அதையும் சரிசெய்தார். கடைசியில் அதே இன்ஜின் 60 குதிரைத் திறனோடு போர்க்களத்துக்குப் போனது.

கதை அதோடு முடியவில்லை. வண்டியின் எடை 2,160 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்றது ராணுவம். ரூஸின் வண்டி அதைத் தாண்டி நின்றது. வண்டியை அக்கக்காகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பாகத்தையும் எடை போட்டார்கள். தேவைக்கு மேல் நீண்டிருந்த போல்ட்டுகளின் நீளத்தைக் குறைத்தார்கள். பூசும் பெயிண்டின் எடையைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். எடை எல்லைக்குள் வந்தது. அந்த ஜீப்பைத்தான் நாடு விடுதலை பெற்ற சமயத்தில் மஹிந்திரா பம்பாய்க்குக் கொண்டுவந்து பூட்டத் தொடங்கியது. பிறகு டிராக்டருக்கான இன்டர்நேஷனல் டீசல் இன்ஜினும், 1980களில் பிரான்ஸின் பெஜோ வடிவமைத்த டீசல் இன்ஜினும் அதில் ஏறின.

உன் வாசலில் நிற்பது அந்தப் பரம்பரை! குறையைக் கண்டு ஓடாதவர்கள் உருவாக்கிய வண்டியை வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு எண்ணெயைக் கண்டு நீ ஓடலாமா?

முதலில் துடை

ஆயில் கசிவைத் தேடுகிறவன் செய்ய வேண்டிய முதல் வேலை ஸ்பேனரைத் தூக்குவது அல்ல. துடைப்பது. பல மாத எண்ணெயும் புழுதியும் சேர்ந்து இன்ஜின் மேல் விரல் கனத்துக்கு ஒரு கறுப்புத் தோல் படிந்திருக்கும். அந்தத் தோலுக்கு மேல் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எங்கு தொட்டாலும் பிசுபிசுக்கும், எல்லாமே ஒழுகுவதாகத் தோன்றும். அந்த நிலையில்தான் மனம் உடைகிறது.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, மண்ணெண்ணெயோ டீசலோ தொட்ட பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேய். சுரண்டு. துணியால் ஒற்றி எடு. ஈரம் முழுவதும் காயட்டும். இரும்பின் சொந்த நிறம் தெரிகிற வரை விடாதே.

இப்போது முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவை எடுத்து வா. சந்தேகப்படும் இடங்களில் மெல்லிசாகத் தூவு. டேப்பட் கவரின் விளிம்பு, ஆயில் ஃபில்டரின் கழுத்து, ஆயில் பிரஷர் சுவிட்ச், முன்னால் கிராங்க் புல்லி, கீழே சம்ப்பைச் சுற்றி. எல்லாம் வெள்ளையாக இருக்கும். ஃபேன் பெல்ட்டில் கையோ துணியோ மாட்டாதபடி விலகி நின்று, வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற விடு. பிறகு நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார். அந்த வெள்ளைப் பரப்பில் ஓரிடத்தில் மட்டும் பவுடர் ஈரத்தைக் குடித்துப் பழுப்பேறியிருக்கும். அதற்குக் கீழே ஒரு மெல்லிய கோடு இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் உச்சிதான் நீ தேடிய இடம்.

பார்த்தாயா? ஆயிரம் இடத்தில் ஒழுகுவதாக நினைத்த வண்டி ஓரிடத்தில்தான் ஒழுகுகிறது!

"எனக்கு எதுவுமே சரியா வராது" என்று சொல்கிறாயே, அது துடைக்காமல் பார்த்தவன் பேச்சு. "கணக்கே வராது" என்கிற மாணவனை உட்கார வைத்து விடைத்தாளை வரி வரியாகப் பிரித்துப் பார். பின்னக் கணக்கு ஒன்றில்தான் தடுக்கி விழுந்திருப்பான். அது தெரியாமல் பத்து வருடம் கணக்கையே வெறுத்திருப்பான். "வியாபாரம் நமக்கு ஒத்துவராது" என்று கடையைச் சாத்தியவன் கணக்கு நோட்டைத் திருப்பிப் பார்க்கட்டும். கடன் கொடுத்த ஒரு பக்கம்தான் அவனைச் சாய்த்திருக்கும். முழு வாழ்க்கையும் பாழ் என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால், ஒருமுறை துடைத்துவிட்டுப் பார்!

கசிவுக்கும் அடையாளம் உண்டு

ராத்திரி வண்டியை நிறுத்தும்போது அடியில் ஓர் அட்டையை விரித்து வை. காலையில் அந்த அட்டை உனக்குப் பாதி விடையைச் சொல்லிவிடும். சொட்டு எங்கே விழுந்திருக்கிறது? இன்ஜினுக்கு நேர் கீழா, கியர் பாக்ஸுக்குக் கீழா, டிரான்ஸ்ஃபர் கேஸா, பின் ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் டிஃப்ரென்ஷியலா? விரலால் தொட்டுப் பார். மோந்து பார். கரியாக இருந்தால் டீசல் இன்ஜின் ஆயில். கெட்டியாக, மூக்கைத் துளைக்கும் கந்தக நெடியோடு இருந்தால் கியர் ஆயில். மெல்லிசாக, வழுவழுப்பாக, சக்கரத்தின் உட்புறம் வழிந்திருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை அங்கேயே நிறுத்து, ஓர் அடிகூட நகர்த்தாதே. பச்சையாக, எண்ணெய்ப் பசை இல்லாமல் இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட்.

காசு செலவில்லை. கருவி தேவையில்லை. ஓர் அட்டை, ஒரு விரல், ஒரு மூக்கு. இவ்வளவு சொத்து கையில் இருக்கும்போது "எனக்கு வசதியில்லை" என்று எப்படிச் சொல்வாய்?

கீழே சொட்டினால் மேலே பார்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங். அங்கிருந்து சொட்டினால் கிராங்க் ஷாஃப்ட்டின் பின் ஆயில் சீல்தான் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதை மாற்றக் கியர் பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் இறக்க வேண்டும். நாள் கணக்கில் வேலை, பெரிய செலவு.

பழுத்த மெக்கானிக் அப்படி அவசரப்பட மாட்டார்.

"அண்ணே, பின்னாடி ஒழுவுதுண்ணே. மெயின் சீல் போயிருக்கும்ல? எறக்கிடலாமா?"

"எறக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி மேல பாருடா தம்பி. எண்ண மேலேருந்து கீழதான் எறங்கும். கீழேருந்து மேல ஏறாது."

டேப்பட் கவரின் பின் மூலையில், கை நுழையக் கஷ்டப்படும் இடத்தில், கார்க் பேக்கிங் காய்ந்து வெடித்திருக்கும். அங்கிருந்து கிளம்பிய எண்ணெய் இன்ஜினின் முதுகு வழியாக இறங்கி, பெல் ஹவுசிங்கைச் சுற்றி வந்து, சீல் போனது போலவே சொட்டும். கண்ணுக்குத் தெரியாத இடமென்றால் கையை விட்டுத் தடவிப் பார், சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பார். மேலே ஈரமென்றால் கோளாறு மேலே. மேலே உலர்ந்து, கீழே மட்டும் கந்தக நெடியோடு ஈரமென்றால் அது கியர் பாக்ஸின் முன் சீல். மேலே உலர்ந்து, கீழே கரி ஆயில் என்றால்தான் பின் சீல் மீது சந்தேகம்.

பேக்கிங் ஒன்று மாற்றினால் தீரும் வேலைக்கு இன்ஜினையே இறக்கியவர்கள் உண்டு. வேலை முடிந்து வண்டி திரும்பவும் ஒழுகும்போது வாயடைத்து நிற்பார்கள். உழைப்பு குறைவில்லை, செலவு குறைவில்லை, பார்வைதான் குறைவு.

தம்பி, தோல்வி தெரிகிற இடமும் தோல்வி பிறந்த இடமும் எப்போதும் ஒன்றல்ல. தேர்வு அறையில் கை நடுங்கியது என்றால், கோளாறு தேர்வு அறையில் இல்லை. மூன்று மாதம் முன்னால் தள்ளிப்போட்ட பாடத்தில் இருக்கிறது. நேர்முகத் தேர்வில் நாக்கு ஒட்டிக்கொண்டது என்றால், நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசிப் பழகாத ஆண்டுகளில் இருக்கிறது. சொட்டும் இடத்தை வெறித்துக்கொண்டு அழாதே. மேலே பார்!

அடைபட்ட மூச்சைத் திற

இன்னொரு நுட்பம் சொல்கிறேன். முன் சீல் மாற்றியாயிற்று, பேக்கிங் மாற்றியாயிற்று, மறுபடியும் ஒழுகுகிறது. ஓரிடத்தை அடைத்தால் இன்னோர் இடத்தில் கசிகிறது. அப்போது பழியைப் பேக்கிங் மேல் போடாதே. பிரீதரைப் பார்.

பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த புகையில் கொஞ்சம் இன்ஜின் உள்ளே இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அது வெளியேற ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதுதான் பிரீதர். பிசுக்கும் புழுதியும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எங்கே பலவீனமோ அங்கே எண்ணெயைத் தள்ளும். குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்துச் சுத்தம் செய்து மாட்டினால் பல கசிவுகள் தாமாகவே அடங்கும். சுத்தம் செய்த பிறகும், இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளுகிறதா? அப்படியானால் ரிங்கும் சிலிண்டர் போரும் தேய்ந்திருக்கின்றன. அது பெரிய வேலை. ஆனாலும் உண்மை தெரிந்துவிட்டது. இனி பேக்கிங் பேக்கிங்காக வாங்கிக் காசைக் கரைக்க மாட்டாய்.

மனிதனுக்கும் பிரீதர் வேண்டும். உள்ளே அழுத்தத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, வீட்டில் அம்மாவிடம் எரிந்து விழுகிறாய், நண்பனிடம் சீறுகிறாய், பிறகு "என் குணமே இப்படித்தான்" என்கிறாய். குணம் கெடவில்லை, வழி அடைபட்டிருக்கிறது. நம்பிக்கையான ஒருவரிடம் மனம் விட்டுப் பேசு. பாகூர் ஏரிக் கரையில் ஒரு நடை நட. பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போ. அழுத்தம் வெளியேறட்டும்!

நகம் சொல்லும் உண்மை

ஆயில் சீல் என்பது சின்ன ரப்பர் வளையம். அதன் உள் உதடு சுழலும் ஷாஃப்ட்டை மெல்லத் தொட்டுக்கொண்டே இருக்கும். உதட்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங் அதை அணைத்துப் பிடித்திருக்கும். வருடக்கணக்கில் புழுதி புகுந்தால், அந்த மெல்லிய ரப்பர் உதடு இரும்பு ஷாஃப்ட்டிலேயே பள்ளம் போட்டுவிடும். கண்ணுக்குப் பளபளப்பான கோடாகத்தான் தெரியும். விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பார். நகம் தட்டி நின்றால் பள்ளம். அதன் மேல் எத்தனை புதுச் சீல் போட்டாலும் ஒழுகும்.

இதற்கும் வழி உண்டு. பள்ளத்தை மூடும் மெல்லிய ஸ்லீவ் போடலாம். இடம் இருந்தால் புதுச் சீலின் உதடு பழைய பள்ளத்தில் விழாதபடி ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம். பொருத்தும்போது உதட்டில் ஆயில் தடவு. ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். ஒரே மூலையில் சுத்தியலால் அடிக்காதே. சீலின் விளிம்பு அளவுள்ள பைப்பை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கு.

பேக்கிங் போடும்போதும் நிதானம்தான் வீரம். இரண்டு முகங்களையும் பழைய பேக்கிங்கின் சுவடே இல்லாமல் சுரண்டு. கவரின் விளிம்பு வளைந்திருந்தால் தட்டி நேராக்கு. அனபாண்ட் பசையை அள்ளி அப்பாதே. பிதுங்கி உள்ளே விழும் துண்டு ஆயில் உறிஞ்சும் வலையில் போய் அடைத்தால் இன்ஜினே போய்விடும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. கார்க் பேக்கிங்கை வெறியோடு இறுக்கினால் நசுங்கிப் பிதுங்கி, முன்பைவிட மோசமாக ஒழுகும்.

வேகமாக இறுக்குவதைப் பலம் என்று நினைக்கிறது இளமை. சமமாக இறுக்குவதுதான் பலம் என்று கற்றுக்கொடுக்கிறது தொழில்!

வெள்ளம் வடிந்த பிறகு

2024 நவம்பர் 30 இரவை நம் மண் மறக்காது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டரைத் தாண்டிக் கொட்டியது மழை. அடுத்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரை மீறி, பாகூர் வட்டாரத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. சங்கராபரணியும் பெருக்கெடுத்தது. வயலும் வீதியும் ஒன்றாயின.

அப்படிப்பட்ட தண்ணீரில் நின்ற அல்லது இறங்கி ஏறிய வண்டிக்கு மறைவான ஆபத்து ஒன்று உண்டு. ஓடிச் சூடான ஆக்ஸில் ஹவுசிங் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிரும். உள்ளே உள்ள காற்று சுருங்கும். அந்த உறிஞ்சலில் பிரீதர் வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். எண்ணெயை வெளியே விடும் சீல், தண்ணீரை உள்ளே விடும் சீலும்கூட! டிஃப்ரென்ஷியல் பிளக்கைக் கழற்றிப் பார். ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. முழுவதும் வடித்து, கழுவி, பிரீதரைத் திறந்து, புது கியர் ஆயில் ஊற்று. தாமதித்தால் பேரிங்குகளும் பற்சக்கரங்களும் துருவேறும். சக்கர ஹப் சீல் கசிந்து பிரேக் லைனிங் நனைந்திருந்தால், துடைத்துவிட்டு ஓட்டலாம் என்று நினைக்காதே. லைனிங்கை மாற்று. அது உயிர் விஷயம்.

வெள்ளம் வந்தது உன் குற்றமில்லை. வடிந்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் இருப்பதுதான் குற்றம். வாழ்க்கையில் புயல் அடித்து ஓய்ந்த பிறகு, "எல்லாம் சரியாகிவிட்டது" என்று வெளியே சிரித்துக்கொண்டு திரியாதே. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று பார். கலங்கியதை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பு!

உனக்குத் தெரியாது என்று யார் சொன்னது?

"நான் கிராமத்தான், எனக்கென்ன தெரியும்" என்கிறாயா? நீ நிற்கும் மண்ணைக் கேள். 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. அந்தக் கல்விச் சாலையை நடத்த மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. புதுவையின் நெற்களஞ்சியம் அறிவின் களஞ்சியமாகவும் இருந்தது. வில்லியனூரில் களிமண்ணைக் குழைத்த கைகளைப் பார். சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்தது நாடு. கையால் செய்யும் வேலை எந்த வேலைக்கும் கீழானதல்ல.

"படிப்பு ஏறவில்லை" என்கிறாயா? கோவை பக்கத்துக் கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடுவுக்குப் பள்ளிப் படிப்பு பிடிக்கவில்லை. ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உழைத்துச் சேர்த்த காசில் அதை வாங்கி, அக்கக்காகப் பிரித்து, திரும்பப் பூட்டினார். பிரித்தது பெரிதில்லை, பூட்டி ஓட வைத்தாரே, அது பெரிது! 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவர் அவர்தான்.

முறையாகக் கற்க வேண்டுமா? பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டு, டீசல் மெக்கானிக் பிரிவு ஓராண்டு. தங்கையே, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போல்ட்டுக்கு ஆண் பெண் தெரியாது. எந்தக் கை சரியாகத் திருப்புகிறதோ அந்தக் கைக்குக் கழலும்.

துணிச்சலுக்கும் வரம்பு உண்டு

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதே. சமதரையில் நிறுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடு, ஸ்டாண்டு வைத்த பிறகே உள்ளே போ. கொதிக்கும் ஆயிலை வடிக்காதே. ஓட்டத்தில் ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் "வீடு பக்கம்தானே" என்று மிதிக்காதே, அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்து. ஆயில் இல்லாமல் ஓடும் பேரிங்குகள் சில நிமிடங்களிலேயே உருகிப் பிடித்துக்கொள்ளும்.

பின் சீல் மாற்றுவது, டிஃப்ரென்ஷியலின் பினியன் நட்டைக் கழற்றுவது போன்ற வேலைகளுக்கு அனுபவசாலியை அழை. பினியன் நட்டை இஷ்டத்துக்கு இறுக்கினால் பேரிங்கும் பற்களும் கெடும். அழைப்பது அவமானமில்லை. ஆனால் போய் நிற்கும்போது, "ஏதோ ஒழுகுதுண்ணே" என்று நிற்காதே. "துடைச்சுப் பார்த்தேன், பிரீதர் சுத்தம், மேலே உலர்ந்திருக்கு, பெல் ஹவுசிங்ல கரி ஆயில் வருது" என்று சொல். அவர் உன்னைப் பார்க்கும் பார்வையே மாறும். ஏமாற்ற நினைப்பவன் வாய் அங்கேயே மூடிக்கொள்ளும். கற்றுக்கொடுக்க நினைப்பவர் உன் தோளில் கை போடுவார்.

வடித்த கழிவு ஆயிலை வாய்க்காலில் ஊற்றாதே. அந்த வாய்க்கால் வயலுக்குப் போகிறது, வயல் நம் தட்டுக்கு வருகிறது. டின்னில் சேர்த்து, கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடு. தன் வண்டியைச் சரிசெய்து ஊரைப் பாழாக்குகிறவனைத் தன்னம்பிக்கையாளன் என்று நான் அழைக்க மாட்டேன்.

எழு, குனி, தேடு!

வேலை முடிந்ததா? முடியவில்லை. சோதித்துப் பார். வில்லியனூரிலிருந்து பாகூர் வரை ஓட்டிவிட்டு வா. அதே அட்டையை அதே இடத்தில் விரி. ராத்திரி முழுக்க நிற்கட்டும். காலையில் அட்டை உலர்ந்திருந்தால் நீ வென்றாய். ஒரு சொட்டு விழுந்திருந்தால், முன்பு பத்துச் சொட்டு விழுந்த இடத்தில் இன்று ஒரு சொட்டுதான் என்று கணக்கு எழுது. மறுபடி துடை. மறுபடி பார். அந்த ஒரு சொட்டுக்கும் ஓர் ஊற்றுக்கண் உண்டு. அதையும் நீ கண்டுபிடிப்பாய்.

உலகம் உன்னிடம் ஊற்றச் சொல்லும். பணத்தை ஊற்று, நேரத்தை ஊற்று, சாக்குப்போக்குகளை ஊற்று, எப்படியாவது ஓட்டு என்று சொல்லும். ஊற்றி ஊற்றி ஓட்டுகிறவன் வாழ்நாள் முழுக்க ஊற்றிக்கொண்டே இருப்பான். உனக்கு அது வேண்டாம்.

உன் கடனுக்கு ஒரு மூலம் உண்டு. உன் பயத்துக்கு ஒரு மூலம் உண்டு. ஒவ்வொரு முறையும் நீ பாதியில் நிற்பதற்கும் ஒரு மூலம் உண்டு. அவை எதுவும் உன் தலையெழுத்து அல்ல. துடைத்தால் தெரியும், தெரிந்தால் தீரும், தீர்த்தால் நிமிர்வாய்.

இன்றைக்கே தொடங்கு. நாளைக்கு நல்ல நாள் பார்க்காதே, துணைக்கு ஆள் வரட்டும் என்று காத்திராதே. உன் வாழ்க்கையில் நீ மணல் போட்டு மூடி வைத்திருக்கும் அந்த ஒரு கறையை எடுத்துக்கொள். மணலைத் தள்ளு. குனிந்து பார். மூலத்தைக் கண்டுபிடிக்கும் வரை எழுந்திருக்காதே!